மிசுயோ நடந்து வந்த பாறை

நிலோபருக்கு "முடியாது" என்று சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைய வேண்டும் என்றால், வகுப்பில் பாதிப் பேருக்கு அவள்தான் வரைந்து கொடுப்பாள். கல்யாண வீட்டில் மருதாணி போட உட்கார வைத்தால், வந்த கையெல்லாம் சிவந்து போகும். அவள் கைக்கு மட்டும் மருதாணிக் கூம்பில் மிச்சம் இருக்காது. தென்காசியில் லுங்கி வியாபாரம் செய்த முகம்மது சலீமின் மகளைப் பற்றிக் கேட்டால் "தங்கமான பிள்ளை" என்பார்கள். என்ன வேலை கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் செய்யும் என்பதை நம் பக்கத்தில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வது.

இந்தத் தங்கமான பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் கெட்ட பொம்பளைகள். பதற வேண்டாம், டிவியில் வருகிறவர்கள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தமிழ் பேசுகிற ஜப்பான் கார்ட்டூன்கள் ஓடும். மற்ற பிள்ளைகள் வாள் சுழற்றும் பையன்களுக்காகக் காத்திருப்பார்கள். நிலோபர் காத்திருந்தது, பாதிக் கதையில் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஒரு சிரிப்புச் சிரித்து, அத்தனை வீரர்களையும் முட்டாளாக்கிவிட்டுப் போகிறாளே, அவளுக்காக. பெரியவளான பிறகுதான் அந்த வகைப் படத்துக்கு அனிமே என்று பெயர் என்பதும், அந்த வகைப் பெண்ணுக்கு ஃபெம் ஃபத்தால் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பெயர்தான் பிரெஞ்சு. ஆள் நமக்குப் பழக்கமானவள். செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறினால், ஆளரவம் இல்லாத பாதையில் வெள்ளைச் சேலை கட்டி நின்று, போகிறவனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளே யட்சி, அவள் வகையறாதான். ஜப்பானியக் கிராமத்துக் கதைகளில் அவள் நரியாக இருந்து பெண்ணாக மாறி வந்தாள். பிறகு படங்களில் புகுந்தாள். வாலைச் சுருட்டி வைத்துவிட்டு மோட்டார் பைக்கில் ஏறினாள், கறுப்புக் கையுறை மாட்டினாள், ஒரு கண்ணை முடியால் மறைத்துக்கொண்டு சிகரெட் பற்ற வைத்தாள். உடுப்பு மாறியதே தவிரத் தலையெழுத்து மாறவில்லை. அவளைப் பார்த்தவன் கெட்டுப் போவான். கதை முடிவதற்குள் அவளும் செத்துப் போவாள். நிலோபருக்கு அதுதான் ஆறவே ஆறாது. "அவள எதுக்கும்மா கொல்லுதாங்க?" என்று கேட்டால், "கெட்டவள்லா, பின்ன என்ன செய்வாங்க?" என்று உம்மா துணி மடிக்கப் போய்விடுவாள்.

யஹ்யாவுக்குக் கட்டிக்கொடுக்க, குத்துக்கல்வலசைக்கு வந்தாள். யஹ்யா தோஹாவில் ஏசி மெக்கானிக். முதல் லீவில் வந்தபோது, எல்லா மாப்பிள்ளைகளும் சென்ட்டும் தைலமும் கொண்டு வருகிற பெட்டியில் அவன் படம் வரைகிற டேப்லெட் ஒன்றைக் கொண்டு வந்தான். அவன் மேல் அவளுக்கு வந்த காதலை அன்றிலிருந்துதான் கணக்கு வைக்க வேண்டும். அதில் வரைந்து வரைந்து இன்டர்நெட்டில் போட, கொச்சியிலுள்ள ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. அவர்களுக்கு வேலை டோக்கியோவிலிருந்து வரும். ஓர் அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அங்கே பெரிய கைகள் வரைவார்கள். நடுவில் வருகிற படங்களையெல்லாம் நிலோபர் மாதிரி ஆட்கள் நிரப்ப வேண்டும். ஒருத்தி தலையைத் திருப்புகிறாள் என்றால் திரும்புவதற்கு முந்தியதும் திரும்பியதற்குப் பிந்தியதும் அவர்களுடையது, திரும்புகிற பாடு இவளுடையது.

ஒரு ஆனி மாதக் காலையில், வாசலில் சாரல் தூவிக்கொண்டிருக்கும்போது, மணிகண்டபிரபு வீடியோ காலில் வந்தான். ஆய்க்குடிக்காரன். கொச்சிக் கம்பெனியில் டோக்கியோவுக்கும் இங்குள்ளவர்களுக்கும் நடுவில் நின்று ஜப்பானிய மொழியில் பேசி வேலை வாங்குகிறவன்.

"நிலோபர், ஒரு பொம்பளை கேரக்டர். மூணாவது எபிசோட்ல வருவா, அதுலயே செத்துருவா. அங்கன வரையிறவருக்குக் கையில ஆபரேஷனாம். நீயே முழுசா வரஞ்சு குடுத்திருதியாம்மா?"

"என்ன மாதிரிப் பொம்பளை அண்ணே?"

"மயக்கிக் கெடுக்குத பொம்பளை. பேரு மிசுயோ."

நிலோபருக்கு முடியாது என்று சொல்ல வராது என்றேன் அல்லவா. அன்றைக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. போனை வைத்ததும் அடுப்படியில் போய்த் தனியாக நின்று சிரித்தாள்.

ஆனால் வரைய உட்கார்ந்தால், இத்தனை வருடம் பார்த்தவர்களே வரிசையாக வந்து நின்றார்கள். சிவப்பு உதடு, சிகரெட், ஒற்றைக் கண். கதையின்படி மழை பெய்கிற தெருவில் மிசுயோ குடையோடு நடந்து வருகிறாள். எதிரே ஒரு போலீஸ்காரன் நிற்கிறான். அவள் பக்கத்தில் வந்து சேருவதற்குள் அவளிடம் மயங்கி அவன் கதை முடிந்திருக்க வேண்டும். நிலோபர் அனுப்பியதைப் பார்த்துவிட்டு இயக்குநர் ஒகுதானி சொன்னதை மணிகண்டபிரபு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லுதாரு. இவளை நெறைய தடவை பாத்திருக்கேன்னும் சொல்லுதாரு."

அந்த மரியாதையான அடி நன்றாகவே வலித்தது. இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தவளை, பக்கத்து வீட்டிலிருக்கும் யஹ்யாவின் அக்கா ராபியா பார்த்துவிட்டாள். ராபியாவுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்.

"ஏட்டி, சாரல் அள்ளிக்கிட்டுப் போவுது, நீ என்னத்துக்கு ரூமுக்குள்ள கெடந்து அவியுத? ஐந்தருவிக்குப் போவோம், கெளம்பு."

போனார்கள். நிலோபருக்குத் தடுமன், மூக்கடைப்பு, அதனால் பாறையோரத்தில் உட்கார்ந்திருந்தாள். ராபியா குளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். நிலோபர் அந்த நடையை ஆயிரம் தடவை பார்த்தவள்தான், ஆனால் அன்றைக்குத்தான் வரைகிறவளின் கண்ணோடு பார்த்தாள்.

ராபியா அருவியில் ஒருமுறை விழுந்தவள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை வருவதற்கு முந்திய காலம் அது. கல்லெல்லாம் எண்ணெயும் சீயக்காயுமாகக் கிடக்கும். வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க்குத் தடை போட்டார்கள், பாசிக்கு யார் போடுவது? அதனால் ஈரத்தில் அவளுக்கென்று ஒரு நடை. முதலில் கால் விரல்களை மட்டும் வைப்பாள். கல் தாங்குமா என்று கேட்கிற மாதிரி ஒரு நொடி நிற்பாள். பிறகு பாரம் மெதுவாக இறங்கும், இடுப்பு லேசாக ஒரு பக்கம் ஒடியும், அப்புறம்தான் அடுத்த கால். இடது கை சேலையைக் கொத்தாகப் பிடித்திருக்கும். வலது கையில் மடக்கிய கறுப்புக் குடை, ஊன்றுவதற்கு. கம்பு வைத்துக்கொள்ள வெட்கம். குனிந்து தரையைப் பார்த்தால் தலை சுற்றும் என்று, எதிரே ஏதாவது ஒன்றைப் பிடித்துவைத்து, இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வருவாள். அன்றைக்கு அவள் பிடித்து வைத்தது நிலோபரின் முகத்தை. வந்து சேருகிற வரைக்கும் நிலோபர் மூச்சு விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஈர முக்காட்டைக்கூட மாற்றாமல் வரைய உட்கார்ந்தாள்.

அவள் செய்தது ஒரு தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். டோக்கியோத் தெரு தார் போட்ட தெரு. மழை பெய்தால் நனையும், அவ்வளவுதான். யாரும் அங்கே விரல் ஊன்றி நடப்பதில்லை. நனைந்த தரையென்றால் வழுக்கும் தரை என்று எடுத்துக்கொள்வது குற்றாலத்துக்காரப் புத்தி. மழையில் எவளும் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டும் வர மாட்டாள். இதையெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. மிசுயோவின் உதட்டுச் சிவப்பை அழித்தாள், சிகரெட்டை அழித்தாள், ராபியாவின் நடையைக் கொடுத்து, குடையை மடக்கிக் கையில் கொடுத்து, அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மணிகண்டபிரபு கூப்பிட்டபோது அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

"என்னத்தம்மா வரஞ்சு வச்சிருக்க? ஒகுதானி சார் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்காராம். அந்தத் தெருவே அவளுக்குப் பயப்படுதுன்னு சொல்லுதாரு. மூணாவது எபிசோட்ல சாவடிக்க வேண்டாம், கடைசி வரைக்கும் வச்சுக்கிடுவோம்னுட்டாரு."

இப்படி, ஒரே நாளில் செத்துப் போக வேண்டியவள் ஒரு வருடம் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தவள் சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு வாரம் அவளுக்குள் ராபியா கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேறினாள். மாவு பிசைகிற கையோடு ராபியா நழுவும் முக்காட்டை முழங்கையால் தள்ளிவிடுவாள். மிசுயோ தன் முடியை அப்படித் தள்ளினாள். யாராவது கேள்வி கேட்டால், வாயிலிருக்கிற பாக்கை மென்று முடிக்கிற வரைக்கும் ராபியா பதில் சொல்ல மாட்டாள். மிசுயோவும் பாக்கு இல்லாமலே அப்படி நின்றாள், கேட்டவன் தானாகவே எல்லா உண்மையையும் உளறினான். எந்தெந்த ஊரிலோ பெண்பிள்ளைகள் முழங்கையால் முடியைத் தள்ளி வீடியோ போட்டார்கள். அந்தக் குடைக்குள் என்ன இருக்கிறது என்று இன்டர்நெட்டில் பெரிய சண்டையே நடந்தது. கத்தி என்றது ஒரு கட்சி, விஷ ஊசி என்றது இன்னொரு கட்சி. நிலோபர் எல்லாவற்றையும் படித்துச் சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். ராபியா மதினிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் ஓரத்தில் இருந்தது.

அந்த ரகசியத்தை வெளியே விட்டவன் யஹ்யா. தோஹாவில் அவன் அறையிலிருந்த அத்தனை பேரும் மிசுயோ பைத்தியம். வெள்ளிக்கிழமை பிரியாணியைத் தட்டில் போட்டுக்கொண்டு அவளைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். மனைவி வரைந்தது என்று யஹ்யாவுக்குப் பெருமைதான். ஆனால் கூட இருக்கிறவன்கள் விசிலடிக்கும்போது அவனுக்கு மட்டும் என்னவோ எரிச்சலாக வந்தது. காரணம் பிடிபட்ட அன்று மத்தியானமே கூப்பிட்டான்.

"நிலோ, உண்மையச் சொல்லு. அந்தப் பொம்பளை நடை எங்க அக்கா நடைல்லா?"

நிலோபர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி. இங்கன பத்துப் பேரு எங்க அக்காவ பாத்து விசிலடிக்கானுவோ."

ஸ்பீக்கரில் கேட்ட குரல் அது. முறுக்குச் சம்படத்தோடு வாசலில் வந்து நின்ற ராபியா அவ்வளவையும் கேட்டுவிட்டாள்.

"எவன் விசிலடிக்கான்? எங்க, காட்டு" என்றாள்.

நிலோபர் காட்டினாள். ராபியா உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, மிசுயோ மழையில் நடந்து வருவதைப் பார்த்தாள். பாக்கு மென்று முடிகிற வரைக்கும் பேசவில்லை.

"எனக்கு இம்புட்டுச் சின்ன இடுப்பாட்டி?"

"அது... அங்கன உள்ளவங்க அப்படித்தான் கேப்பாங்க மதினி."

"நடை என் நடைதான்" என்றாள் ராபியா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "விழுந்து எந்திரிச்ச வருசம் ஒரு கல்யாண வீட்டுல, வாத்து மாதிரி தாரா நடைன்னு ஒருத்தி சொன்னா. பின்னால இருந்து எல்லாரும் சிரிச்சாளுவோ. அதுலருந்து நான் எந்தச் சபையிலயும் எல்லாரும் எந்திச்சுப் போனப்புறம்தான் எந்திப்பேன். நீ பாத்திருப்பியே."

நிலோபர் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் பெரியவள், மற்றவர்களை முதலில் அனுப்பிவைக்கிறாள் என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் காரணம் புரிந்தது. ராபியாவோ மறுபடி கண்ணாடியை மாட்டி, "இன்னொரு தடவ போடு, அந்தப் போலீஸ்காரன் முழிக்கத நல்லாப் பாக்கல" என்றாள். அதிலிருந்து வாரம் தவறாமல் வந்துவிடுவாள். மிசுயோ வேறு, தான் வேறு என்பதே மறந்து, "நான் நேத்து அந்த மந்திரிய என்ன பாடு படுத்துனேன் பாத்தியா?" என்பாள்.

கடைசி எபிசோடின் கதை வந்தது. நிலோபர் படித்தாள். போலீஸ்காரன் துரத்துகிறான், மழை கொட்டுகிறது, மிசுயோ பாலத்தில் ஏறுகிறாள். நடுப்பாலத்தில் கால் வழுக்கி, ஆற்றில் விழுந்து செத்துப் போகிறாள்.

சாவு வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்த வகைப் பெண்ணுக்கு எழுதிய எழுத்து அது. ஆனால் வழுக்கியா? அந்த ஒரு சொல்லைத் தாண்ட முடியவில்லை. எழுதியவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்? விரல் ஊன்றி, கல்லைக் கேட்டு, கேட்டு, இத்தனை வருடம் விழாமல் நடந்தவளை இவள் தன் கையாலேயே தள்ளிவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ராபியா கண்ணாடி போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பாள்.

மணிகண்டபிரபுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இத என்னால வரைய முடியாது."

லைனில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவன் இரண்டு தடவை ஹலோ சொன்னான்.

"நீயாம்மா பேசுத?"

"நாந்தான்."

"தங்கச்சி, இது சின்ன விசயம் இல்ல. கடைசி எபிசோட். நாள் வேற கெடையாது. வேற ஆளப் போட்டுருவாங்க, அடுத்த வேலையும் வராது. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன். வேலை போனாப் போவுது. ஆனா போறதுக்கு முன்னால அவருட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

மறுநாள் காலை ஒகுதானி திரையில் வந்தார். நரைத்த தலை, தூங்காத கண், கையில் காப்பி. மணிகண்டபிரபு நடுவில். நிலோபர் மேசைக்குக் கீழே ஒரு கையால் மற்றதைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"மிசுயோ எப்படி வேணும்னாலும் சாகட்டும். வழுக்கி மட்டும் விழ மாட்டா. வழுக்கக் கூடாதுன்னுதான் அவ அப்படி நடக்கா."

மணிகண்டபிரபு மொழிபெயர்க்காமல் இவளைப் பார்த்தான். "சொல்லுங்கண்ணே" என்றாள். சொன்னான். அப்புறம் அவள் அருவியைச் சொன்னாள், பாசியைச் சொன்னாள், எலும்புக்குள் இருக்கிற கம்பியைச் சொன்னாள், பெயர் சொல்லாமல் மதினியைச் சொன்னாள். குடைக்குள் கத்தியும் இல்லை, விஷமும் இல்லை, அது ஊன்றுகிற குடை என்றும் சொன்னாள்.

ஒகுதானி காப்பியைக் கீழே வைத்தார். ஏதோ கேட்டார்.

"அப்ப அந்தப் பார்வை? ஆம்பளைகளை அப்படிப் பாத்தாளேன்னு கேக்காரு" என்றான் மணிகண்டபிரபு.

"அவ யாரையும் பாக்கல. குனிஞ்சா தலை சுத்தும்னு நேராப் பாக்குதா. எதிர்ல எவன் நிக்கானோ அவன் பாடு."

அதைக் கேட்டு அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வருடமாக உலகத்திலுள்ள அத்தனை ஆண்களோடு சேர்ந்து தானும் ஏமாந்திருக்கிறேன் என்று சொன்னாராம். பிறகு முகம் மாறி, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, வழுக்கல. அப்ப பாலத்துல ஏறி அவ என்னதான் செய்வான்னு கேக்காரு."

நிலோபர் யோசிக்கவே இல்லை. "அந்தப் பக்கம் போவா அண்ணே. பாலம் வேற எதுக்கு இருக்கு?"

அதற்கு ஒகுதானி என்ன சொன்னார் என்பதை மணிகண்டபிரபு உடனே மொழிபெயர்க்கவில்லை. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தே அவர் ஒத்துக்கொண்டார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

வேலை போகவில்லை, இரட்டிப்பாக வந்தது. பாலத்தைக் கடந்து போகிறவளைப் பின்னாலிருந்துதான் காட்ட முடியும். இதுவரை மிசுயோ எல்லாரையும் நோக்கி வந்தாளே தவிர, யாரை விட்டும் போனதில்லை. நிலோபர் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றாள்.

"மதினி, பழைய குற்றாலம் போவோம். நீங்க முன்னால நடக்கணும், நான் பின்னால இருந்து பாக்கணும்."

ராபியாவின் முகம் சுருங்கியது. "பின்னால இருந்தா?"

"பின்னால இருந்துதான்."

ராபியா வாயிலிருந்த பாக்கை மென்று முடித்தாள். அப்புறம் குடையை எடுத்தாள். அன்று சாரலில் அவள் முன்னால் நடக்க, நிலோபர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.

கடைசி எபிசோடு வெளியான வெள்ளிக்கிழமை நிலோபர் வீட்டு நடுக்கூடம் நிறைந்திருந்தது. உம்மாவும் சலீம் வாப்பாவும் தென்காசியிலிருந்து வந்திருந்தார்கள், ராபியா வீட்டுப் பிள்ளைகள் தரையில் கிடந்தார்கள், யஹ்யா போனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். திரையில் மழை கொட்டியது. மிசுயோ பாலத்தில் ஏறினாள். பின்னால் ஓடி வந்த போலீஸ்காரன்தான் வழுக்கி, தொப்பென்று உட்கார்ந்தான். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. விரல், ஒரு நொடி, பாரம், அடுத்த கால். ஈர முதுகு, கொத்தாகப் பிடித்த உடுப்பு, ஒடிந்து ஒடிந்து நிமிரும் இடுப்பு. பாலம் நீளமாக இருந்தது, அவளுக்கு ஓர் அவசரமும் இல்லை. அந்தப் பக்கம் இறங்கி, தெருவில் கலந்து, போயே போய்விட்டாள். சாகவில்லை.

உம்மாதான் முதலில் பேசினாள். "எம்புட்டு அழகாப் போறா" என்றாள், யார் என்று தெரியாமலே.

ராபியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு உள்ளே கண் நிறைந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"ஏட்டி நிலோ, பின்னால இருந்து பாத்தா நான் இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் மதினி இருக்கீங்க."

ராபியா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, யாரும் எழுந்திருக்கும் முன்னால், "எல்லாருக்கும் டீ போடுதேன்" என்று எழுந்து, அத்தனை பேருக்கும் நடுவே மெதுவாக நடந்து அடுப்படிக்குப் போனாள்.